ஐந்து சாட்சிகள், மூன்று உடைந்தவை

1991 ஜனவரி 14, திங்கள். காலை 7.40. விரிசல்கள்: பதினொன்று.

கோட்டையின் வடக்கு மதில் பதினெட்டு மீட்டர் நீளத்துக்கு வயிறு தள்ளியிருக்கிறது. தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தேன். நடுவில் முப்பத்து நான்கு சென்டிமீட்டர் வெளியே. பதினொரு விரிசலில் ஐந்து படுமோசம். அந்த ஐந்தின் குறுக்கேயும் கண்ணாடிச் சில்லு வைத்து, இரு முனையிலும் பிளாஸ்டர் அப்பி, எண்ணும் தேதியும் கீறினேன். எங்கள் பொறியாளர் தொழிலில் இதற்குச் சாட்சி என்று பெயர். மதில் அசைந்தால் கண்ணாடி உடையும். பொய் சொல்லத் தெரியாது. எங்கள் ஊர் மாவ்ரோலித்தியில் அப்படிப்பட்டது இது ஒன்றுதான்.

மதிலடியிலிருந்து நான்கு மீட்டரில் ஐந்து வீடுகள். மூன்று பூட்டிக் கிடக்கின்றன, ஒன்றில் கோழிகள். கடைசி வீடு அக்கா டியமாந்தோவுடையது. அத்தான் கப்பலில். நல்ல அறைகள் நான்கையும் வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, மதிலைப் பார்த்த பின்னறையில் இவள் படுக்கிறாள்.

ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். "என்னடா ஒட்டுற காலங்காத்தால?"

"சாட்சி."

"யாருக்குக் கல்யாணம்?"

"உன் மேல மதில் விழப்போவுது. அதுக்குச் சாட்சி."

"விழட்டும். சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கிற செலவு மிச்சம்."

ஜனவரி 16, புதன்.

தியோபிலாக்தோஸ் வாத்தியார் தன் புத்தகத்தைக் கையெழுத்துப் போட்டுத் தந்தார். ஓய்வுபெற்ற பிறகு பதினேழு வருடம் உழைத்து எழுதியது. நாற்பது பக்கம். அட்டையிலேயே 'மூவாயிரம் ஆண்டு வெல்லப்படாத மதில்' என்று போட்டிருக்கிறது.

வெல்லப்படாததா? நகராட்சி அலமாரியில் இருக்கும் காகிதங்களை வைத்து நான் எண்ணினேன். ஏழு முறை பிடிபட்டிருக்கிறது. ஒரு முறைகூட மதிலை உடைத்து யாரும் வரவில்லை. ஐந்து முறை உள்ளே இருந்த எவனோ வாசலைத் திறந்துவிட்டான். இரண்டு முறை குடிக்கத் தண்ணீர் தீர்ந்தது. பாவம், மதில் மேல் ஒரு குற்றமும் இல்லை.

கல்லைப் பார்த்தால் போதும், புத்தகம் எதற்கு? கீழே ஒன்பது வரிசை பெரிய கற்கள், காரை கிடையாது, இடுக்கில் கத்தி நுழையாது. கி.மு. நான்காம் நூற்றாண்டு. பாரசீகனுக்குப் பயந்து கட்டியதில்லை, பக்கத்து ஊர்க்காரனுக்குப் பயந்து கட்டியது. அதற்கு மேல் பிராங்க் பிரபுக்கள் வந்து, இடிந்து கிடந்ததைப் பொறுக்கி, ஓட்டுத்தூள் கலந்த சுண்ணாம்பில் கட்டினார்கள். நடுவில் எவனுடைய கல்லறைக் கல்லோ தலைகீழாக இருக்கிறது. பிறகு வெனிஸ்காரர்கள் பீரங்கிக்கு ஓட்டை போட்டுவிட்டு, பீரங்கியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். உச்சியில் ஆற்றுக் கூழாங்கல்லில் துருக்கியர் வேலை, 1715. விடுதலைக்குப் பிறகு நம் ஆட்கள் என்ன செய்தார்கள்? வண்டி வண்டியாகக் கல்லைக் கடத்தினார்கள். மாதா கோயில் மணிக்கூண்டில் மட்டும் நாற்பத்தொரு கல் இருக்கிறது. எண்ணியிருக்கிறேன்.

வாத்தியாரிடம் இதைச் சொன்னேன். "ஆர்கிரி, உனக்குக் கல் தெரியும்பா, ஆனா ஆன்மா தெரியாது" என்றார். பக்கம் பன்னிரண்டைத் திறந்து காட்டினார். கோட்டை வீழ்ந்த அன்று மதிலிலிருந்து குதித்த இளவரசி. நாட்டில் ஒவ்வொரு மலைக்கும் ஒரு கோட்டை, ஒவ்வொரு கோட்டைக்கும் குதிப்பதற்கு ஓர் அழகி. இங்கே குதித்திருந்தால் அக்காவின் சமையலறையில்தான் விழுந்திருப்பாள்.

ஜனவரி 17.

காரணம் தெரிந்துவிட்டது. தண்ணீர்.

1962இல் நகராட்சி கோட்டைக்குள்ளேயே, மதிலை ஒட்டி, மேல்தெருவுக்குக் குடிநீர்த் தொட்டி கட்டியது. தொட்டி ஒழுகுகிறது. முப்பது வருட ஒழுகல் மதிலுக்குப் பின்னாலுள்ள மண்ணில் ஊறி, மண் உப்பி, மதிலைத் தள்ளுகிறது. பிராங்கும் வெனிஸும் துருக்கியும் செய்ய முடியாததை ஒரு சிமெண்டுத் தொட்டி செய்துகொண்டிருக்கிறது.

செய்ய வேண்டியது மூன்றே. தொட்டியை வடிக்க, மதிலுக்குப் பன்னிரண்டு முட்டு கொடுக்க, அடியில் வடிகால் துளை போட. மூன்று வார வேலை.

ஜனவரி 24, வியாழன்.

மூன்று வார வேலைக்கு யாரிடம் அனுமதி கேட்பது என்று கண்டுபிடிக்கவே ஒரு நாள் முழுக்கப் போனது. தொல்சின்னத்தில் அனுமதியில்லாமல் ஆணி அடித்தாலும் சிறை. மாவட்டத் தலைநகரில் இதற்கு இரண்டு அலுவலகங்கள், ஒரே கட்டடம், எதிரெதிர்க் கதவு. பழங்காலத்துக்கு ஒன்று, கிறிஸ்தவ காலத்துக்கு ஒன்று. நான் கி.மு. அலுவலகம், கி.பி. அலுவலகம் என்று வைத்துக்கொண்டேன்.

கி.மு.காரர் படத்தைப் பார்த்தார். "கீழ் ஒன்பது வரிசை எங்களது. அது அசையலையே."

"அசையல. மேல உள்ளதுதான் சாயுது."

"அப்ப எதிர்க் கதவு."

எதிர்க் கதவில் எவந்தியா என்ற அம்மா. ஐம்பது வயது இருக்கும், மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். "முட்டுகளை எங்கே ஊன்றுவீங்க?"

"தரையில. மதிலடியில."

"அடி அவங்களது. எங்க மதிலுக்கு அவங்க தரையில முட்டு குடுக்க நான் எப்படிங்க கையெழுத்துப் போடறது? உச்சியில துருக்கி வேலை வேற. அது எங்க ரெண்டு பேர்துமே இல்ல."

"விழுந்தா யாருது?"

சிரித்தார். "விழுந்தா கல்லு தனித்தனியாயிடும். அப்பப் பிரிச்சுக்கலாம்."

நகைச்சுவையாகச் சொன்னாரா? முகத்தைப் பார்த்தால் தெரியவில்லை. ஒன்பது வருடமாக அந்த மதிலை முழுசாகத் தங்கள் பொறுப்பில் எடுக்கச் சொல்லி மேலே எழுதுவதாகவும், மேலே யாரும் படிப்பதில்லை என்றும் சொன்னார். நாற்காலியிலிருந்து எழுந்து வந்து கதவுவரை வழியனுப்பினார். அதை வைத்து நான் என்ன செய்ய?

பிப்ரவரி 3.

சாட்சி எண் 3 உடைந்தது. சரிபாதியாக.

பிப்ரவரி 5, செவ்வாய்.

மேயர் பனாகோஸிடம் அறிக்கை கொடுத்தேன். தொட்டியைப் பற்றிய பக்கத்தை உருவி என்னிடமே திருப்பித் தந்தார்.

"தம்பி, அந்தத் தொட்டி காகிதத்துல கிடையாது. கட்டினப்பவே அனுமதி வாங்கல. இல்லாத தொட்டி எப்படிப்பா ஒழுகும்?"

"நேத்து உங்க வீட்டுக் குழாயில வந்த தண்ணி எங்கேருந்து வந்துச்சு?"

"கடவுள் குடுக்குறாரு." எழுந்து ஜன்னலோரம் போனார். "நான் வேற வழி யோசிச்சிருக்கேன். அஞ்சு வீட்டையும் ஆபத்தான கட்டடம்னு அறிவிச்சு இடிச்சிடலாம். மதிலுக்கு முன்னால வெட்டவெளி. பஸ் நிறுத்தலாம். அப்புறம் மதில் விழுந்தா யார் தலையில விழப்போவுது?"

"என் அக்கா அங்க குடியிருக்கா."

"நல்ல பொண்ணு. நகராட்சி வேற இடம் பாத்துத் தரும். மார்ச் கடைசியில உத்தரவு."

மார்ச் கடைசியில்தான் நகராட்சியில் என் ஆறு மாத ஒப்பந்தமும் முடிகிறது. அதையும் நினைவுபடுத்தினார், அன்போடு.

பிப்ரவரி 6.

முன்னறைக்கு மாறி வா என்று அக்காவிடம் கெஞ்சினேன். நான் கெஞ்சுவது அபூர்வம், சரியாக வரவில்லை.

"நான் பின்னறையைக் காலி பண்ணினா, பாரு, அவளே பயந்து ஓடிட்டான்னு நாளைக்கே சீல் வைப்பான் அந்தப் பனாகோஸ். நான் அங்கேயே படுத்திருக்கேன். தைரியம் இருந்தா என் மேல இடிக்கட்டும்."

"அவன் இடிக்க வேணாம். மதிலே இடிக்கும்."

"நீ படிச்சவன்தானே? நிறுத்து அதை."

நிறுத்து அதை. அவ்வளவுதான். பஸ்ஸை நிறுத்தச் சொல்வதுபோல.

பிப்ரவரி 18. தூய திங்கள்.

நோன்பின் முதல் நாள். ஊரே பட்டத்தோடு கோட்டைக்கு ஏறியது. தட்டை ரொட்டி, ஆலிவ், மீன்முட்டை மசியல், ஒயின். சரியாக வடக்கு மதில் மேல்தான் நிற்பார்கள். காற்று அங்கேதான் நன்றாக வருமாம். "இறங்குங்க!" என்று கத்தினேன். வாத்தியார் கையசைத்தார், நான் வாழ்த்துச் சொல்வதாக நினைத்து.

முந்நூறு பேர், இருபத்தொரு டன். மதிலுக்கு அது கொசு. ஜனங்கள் மேல் பழி போட மாட்டேன். காரணம் தண்ணீர்தான்.

மாலை நான்கு மணிக்கு எண் 1 உடைந்தது. நாலரைக்கு எண் 2. மேலே பட்டம் விட்டுக்கொண்டிருந்தார்கள். கீழே அக்கா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரி 19.

தந்தி அடித்தேன், கி.பி. அலுவலகத்துக்கு. மூன்று பக்க அறிக்கை அனுப்பினால் யார் படிக்கிறார்கள்? எனக்கும் வளவளவென்று எழுதப் பிடிக்காது.

'வடக்கு மதிலில் ஐந்து சாட்சிகள். மூன்று உடைந்தன. இரண்டு முழுமை. உடனே வரவும்.'

பிப்ரவரி 21, வியாழன்.

அதிசயம். அவர்களே தொலைபேசியில் கூப்பிட்டார்கள். எவந்தியா இல்லை, அவருடைய மேலதிகாரி. குரல் நடுங்கியது. ஒரு மதில் மேல் இவ்வளவு அக்கறை உள்ள அதிகாரியை நான் பார்த்ததே இல்லை.

"ஐந்தும் ஒரே இடத்திலா?"

"இல்ல. மூணு மூணு மீட்டர் இடைவெளி."

"வரிசையாகவா! எந்த நிலையில்?"

"குறுக்குவாட்டில. மூணு நடுவில முறிஞ்சிடுச்சு."

"ஐயோ. யாராவது கை வைத்தார்களா?"

"என்னைத் தவிர யாரும் தொடல."

"நீங்களும் தொடாதீர்கள். எழுத்து ஏதாவது?"

"எண்ணும் தேதியும். ஐந்துக்கும் ஒரே நாள். ஜனவரி பதினாலு."

"ஒரே நாளில் ஐவர்" என்றார் மெதுவாக. பிறகு, "முழு மதிலையும் எங்கள் பொறுப்பில் எடுக்கிறோம். இன்றே."

ஐவர்? தொலைபேசி இரைச்சல் என்று நினைத்தேன். சண்டைக்குத் தயாராக இருந்தவனுக்குச் சண்டையே கிடைக்காமல் போய்விட்டது. இரண்டு மணிநேரம் என்ன செய்வதென்று தெரியாமல் பென்சில் சீவிக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 27, புதன்.

உத்தரவு வந்துவிட்டது. அடி முதல் உச்சி வரை, துருக்கி வேலை உட்பட, வடக்கு மதில் முழுவதும் கி.பி. அலுவலகத்துக்கு. முட்டுக்கு அனுமதி. வடிகாலுக்கு அனுமதி. தொட்டியை உடனே வடிக்க நகராட்சிக்கு ஆணை. ஐந்து வீடுகளில் ஒரு கல்லையும் தொடத் தடை.

நான்காவது பத்தியில்தான் காரணம் இருந்தது. 'மேற்படி மதிலினுள் கண்டெடுக்கப்பட்ட ஐந்து புனித மறைசாட்சிகளின் எச்சங்களை முன்னிட்டு.'

மூன்று தடவை படித்தேன்.

எங்கள் மொழியில் விரிசலில் ஒட்டும் சாட்சிக்கும், விசுவாசத்துக்காக உயிர்விட்ட மறைசாட்சிக்கும் ஒரே சொல். மார்த்திரஸ். தந்தியில் 'கண்ணாடி' என்று ஒரு வார்த்தை சேர்த்திருந்தால்—

சேர்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? தெரியும். எதிர்க் கதவு.

பிப்ரவரி 28.

இப்ப என்ன பண்றது? எழுதிடட்டுமா? எழுதினா உத்தரவு ரத்து. முட்டு போச்சு. மார்ச் கடைசியில வீடு போச்சு. எழுதலன்னா? நானும் வாத்தியாரும் ஒண்ணு. இல்ல, அவராவது நம்பித்தான் எழுதுறாரு.

அக்காவிடம் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

"வாயைத் திறந்தே, கொன்னுடுவேன்."

"பொய்யில நிக்கிற மதில்—"

"மதில் முட்டுல நிக்கும். நீதானேடா சொன்ன?"

மார்ச் 6.

வேலை ஆரம்பம். ஐந்து தச்சர்கள், நல்ல ஊசியிலை மரம். தொட்டி வடிகிறது. மேயர் வீட்டுக் குழாயில் காற்று வருகிறதாம். கடவுள் கொடுப்பதை நிறுத்திவிட்டார்.

மார்ச் 9.

யாரோ எண் 4க்குக் கீழே மெழுகுவர்த்தி வைத்திருக்கிறார்கள். உத்தரவை நகராட்சிச் சுவரில் ஒட்டியது மேயர். பஸ் நிறுத்த வெட்டவெளியைவிட ஐந்து புனிதர்கள் லாபம் என்று கணக்குப் போட்டுவிட்டார்.

மார்ச் 13, புதன்.

மெழுகுவர்த்திகள்: அறுபத்து மூன்று. முட்டுகள்: நான்கு.

வாத்தியார் நான்கே நாளில் புதிய அத்தியாயம் எழுதிவிட்டார். பழையதற்குப் பதினேழு வருடம் ஆனது. ஐவருக்கும் பெயர் இருக்கிறது. ஒருவர் படைவீரர், ஒருவர் மருத்துவர், மற்ற மூவர் சகோதரர்கள். இளவரசியை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "அவங்களைக் காட்டிக் குடுக்க மறுத்துத்தான்பா அவ குதிச்சா" என்றார். கண் கலங்கியிருந்தது.

எதுவும் சொல்லாமல் வந்துவிட்டேன். நானா? ஆமாம், நான்தான்.

மார்ச் 16.

அக்கா வாசல் பலகையை மாற்றிவிட்டாள். 'ஐந்து புனிதர் விடுதி.'

கத்தினேன். தெருவே வேடிக்கை பார்த்தது.

"மதில் நின்னாப் போதும்னுதானே இருந்தே!"

"நிக்குது. இனி நான் பிழைக்க வேணாமா? இருபத்தஞ்சாம் தேதி ஆயர் வர்றாரு. அவர்கூட வர்றவங்க நாலு ரூமும் எடுத்துட்டாங்க."

ஆயர் வருவது எனக்குத் தெரியாது. எச்சங்களை வெளியே எடுத்து, ஊர்வலமாகக் கோயிலுக்குக் கொண்டுபோக வருகிறாராம். எந்த எச்சம்? ஜன்னல்காரன் கடையில் வாங்கிய மூன்று மில்லிமீட்டர் கண்ணாடி.

மார்ச் 19, செவ்வாய்.

எவந்தியா வந்தார், ஆயர் அனுப்பிய ஒரு பாதிரியாரோடு. பாதிரியார், கண்ணாடியைப் புதைவிடத்தின் அடையாளம் என்று நினைத்து, எண் 2 முன் சிலுவை போட்டார். தேதியைப் படித்தார். "பதினாலு ஜனவரி. சீனாய் மலைத் துறவிகளை வெட்டிக் கொன்ன நாள். பாருங்கம்மா, ஒரே நாளு!"

முப்பத்து நான்கு சென்டிமீட்டர் என்று எவனிடமும் முகத்துக்கு நேரே சொல்லக்கூடியவன், ஒரு கண்ணாடிச் சில்லு என்று சொல்ல முடியாமல் நின்றேன்.

எவந்தியா கயிற்றுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். பிளாஸ்டரில் என் கட்டைவிரல் ரேகை பளிச்சென்று தெரிந்தது. பாதிரியார் அடுத்ததற்கு நகரும்வரை காத்திருந்தார்.

"பிளாஸ்டரை இன்னும் கொஞ்சம் கெட்டியாக் கலக்கியிருக்கலாம், தம்பி."

"உங்களுக்கு எப்போ தெரியும்?"

"தந்தி வந்த அன்னைக்கே. அனுப்பினது தொழில்நுட்பப் பிரிவுன்னு போட்டிருந்ததே. எங்க மேலதிகாரி அந்த வரியைப் படிக்கல."

"நீங்க சொல்லல."

"என்கிட்ட யாரும் கேக்கல. ஒன்பது வருஷமா நான் எழுதினதையும் யாரும் கேக்கல." நிமிர்ந்து முட்டுகளைப் பார்த்தார். "எத்தனை ஆச்சு?"

"பன்னிரண்டில ஏழு."

"இன்னும் எத்தனை நாள்?"

"அஞ்சு."

"ஆயர் வர ஆறு நாள் இருக்கு" என்றார். "ஊன்றி வச்ச முட்டு மரத்தை யாரும் பிரிக்க மாட்டாங்க. பிரிக்கவும் அனுமதி வேணும். அதுவும் என் மேசைக்குத்தான் வரணும். என் மேசையில இப்ப எண்பத்தெட்டாம் வருஷத்துக் கடிதம் ஓடிக்கிட்டிருக்கு." கண்ணாடியைக் கழற்றித் தொங்கவிட்டார். "ஆனா எலும்பு தேடி மதிலைத் தோண்டினாங்கன்னா, முட்டு இருந்தும் பிரயோஜனமில்ல. அதை நான் தடுக்க முடியாது."

அதைத் தடுக்கக்கூடிய ஆள் யார் என்று அவர் சொல்லவில்லை.

மார்ச் 22.

பதினொன்று.

மார்ச் 24, ஞாயிறு. மாலை 4.10. முட்டுகள்: பன்னிரண்டு.

கடைசி ஆப்பை நானே அடித்தேன். தொட்டி காலி. வடிகால் துளைகளில் சொட்டு நின்றுவிட்டது. வயிறு முப்பத்தாறு சென்டிமீட்டரில் நிற்கிறது, பதினொரு நாளாக மில்லிமீட்டர்கூடக் கூடவில்லை. பின்னறையில் அக்கா நோன்புக்குப் பருப்பு சூப் வைக்கிறாள், பாடுகிறாள்.

மேலே கடப்பாரைகள் கொண்டுவந்து சாத்தியிருக்கிறார்கள், நாளைக்கு.

செய்ய வேண்டியவை:

1. காலை 6.30. எண் 4, எண் 5 பார்க்க.
2. ஏழு மணிக்கு அக்காவிடம் சொல்ல. ஆயருக்கு முன்னால் அவளிடம். அவள் கை எட்டாத தூரத்தில் நின்று.
3. ஆயர் காரிலிருந்து இறங்கியதும் சொல்ல. வார்த்தையை மிச்சம் பிடிக்காமல்: கண்ணாடி, பிளாஸ்டர், விரிசல், ஒட்டியவன் நான், தந்தி அடித்தவனும் நான். எவந்தியா பெயர் வரக் கூடாது.
4. வாத்தியாரைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்க.
5. அடி விழுந்தால் வாங்கிக்கொள்ள. கடப்பாரையோடு எவனாவது மதிலிடம் போனால், முட்டுக்கு முன்னால் போய் நிற்க.
6. ஒப்பந்தம் போகும். அளவு நாடாவும் தூக்குக்குண்டும் என்னுடையவை, அலுவலகத்திலிருந்து முதலிலேயே எடுத்துவைக்க.
7. நாளை திருவிழா, நோன்பிலும் மீன் சாப்பிடலாம். மதியம் அக்கா வீட்டில் உப்புமீன் வறுவலும் பூண்டு மசியலும். கதவைத் திறந்தால்.